மூலிகைதானே என்று விழுங்கிய கேப்ஸ்யூல்

ஏழு வாரத்தில் ஆறு கிலோ குறைந்தேன். பொய் இல்லை, வீட்டிலுள்ள எடை மெஷினிலேயே பார்த்தேன். பேன்ட் இடுப்பில் நிற்கவில்லை. ஆபீஸில் இரண்டு பேர் நான் போய்வந்த எடை குறைப்பு மையத்தின் போன் நம்பரை என்னிடமே வாங்கிக்கொண்டார்கள். முதலில் அவர்கள் படிக்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். நேரில் சொல்லக் கூச்சமாக இருக்கிறது.

எனக்கு வயது 46. ஏற்கெனவே பிரஷருக்கு மாத்திரை எடுக்கிறேன். எடையைக் குறையுங்கள் என்று டாக்டர் இரண்டு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்து, 'டயட் வேண்டாம், ஜிம் வேண்டாம், பக்கவிளைவே இல்லாத இயற்கை முறை' என்று ஒரு விளம்பரம் கண்ணில் பட்டது. போனேன். வெள்ளை கோட் போட்ட ஒரு பெண்மணி உட்கார வைத்துப் பேசினார். தன்னை டாக்டர் என்று அவர் சொல்லிக்கொள்ளவில்லை. நான் 'டாக்டர்' என்று கூப்பிட்டபோது மறுக்கவும் இல்லை. மூன்று மாத பேக்கேஜ், பணம் முழுவதும் முன்கூட்டியே. ஒரு படிவத்தில் கையெழுத்து வாங்கினார்கள். படித்துப் பார்த்தேனா? இல்லை.

பேக்கேஜில் என்னென்ன இருந்தது என்று சொல்கிறேன். காது மடலில் கடுகு அளவு விதைகளை பிளாஸ்டரால் ஒட்டிவிடுவார்கள், பசித்தால் அழுத்திக்கொள்ள வேண்டும். காது வலித்தது, பசி அப்படியேதான் இருந்தது. இரவில் குடிக்க ஒரு 'ஸ்லிம் டீ'. அதில் இருந்தது சென்னா இலை, அதாவது பேதி மருந்து. சென்னா வேலை செய்வது பெருங்குடலில். சாப்பிட்டதன் சத்தையெல்லாம் அதற்கு முன்னாலேயே சிறுகுடல் உறிஞ்சி முடித்திருக்கும். ஆக, காலையில் வெளியே போவது தண்ணீரும் உப்புகளும்தான், கொழுப்பு இல்லை. இதெல்லாம் எனக்குப் பிறகு தெரிந்தது. அப்போது மெஷினில் முள் இறங்கினால் போதும் என்றிருந்தேன்.

அப்புறம் உடம்பைச் சுற்றித் துணி கட்டும் 'ரேப்'. ஒரு மணி நேரத்தில் இடுப்பு இரண்டு அங்குலம் குறைந்தது என்று டேப் பிடித்துக் காட்டினார்கள். முதல் அளவை எடுத்தது சட்டைக்கு மேலே. இரண்டாவது அளவு வெறும் உடம்பில், டேப்பை இறுக்கிப் பிடித்து. எடை பார்ப்பதும் இதே கதைதான். முதல் நாள் மாலையில், சாப்பிட்ட வயிற்றோடு, ஷூவைக் கழற்றாமல். அடுத்த தடவையிலிருந்து காலையில் வெறும் வயிற்றில். கண் முன்னாடி நடந்தது, ஆனாலும் நான் கவனிக்கவில்லை. கவனிக்க விரும்பவில்லை என்பதுதான் சரி.

இவ்வளவோடு நின்றிருந்தால் பணம் போனது என்று விட்டிருப்பேன். வினை கேப்ஸ்யூலில் இருந்தது.

ஜிப் வைத்த பிளாஸ்டிக் கவரில் பச்சை நிற கேப்ஸ்யூல்கள். '12 அரிய மூலிகைகள்' என்று ஒரு ஸ்டிக்கர். எந்த 12 என்று போடவில்லை. தயாரித்தவர் பெயர், பேட்ச் நம்பர், காலாவதித் தேதி எதுவும் கிடையாது. காலையில் ஒன்று போடச் சொன்னார்கள். போட்ட மூன்றாம் நாளே பசி அணைந்துவிட்டது. தட்டில் போட்டதில் பாதியைத் தாண்ட முடியவில்லை. ஆஹா, மூலிகைக்கு என்ன சக்தி என்று வியந்தேன். வாய் எந்நேரமும் காய்ந்து கிடந்தது. அதற்கு 'நச்சு வெளியேறுது சார்' என்றார்கள். இரவு இரண்டு மணிக்கும் கொட்டக் கொட்ட விழித்திருந்தேன். அதற்கும் நச்சுதான் காரணம். பிரஷர் மாத்திரையைக்கூட மெதுவாக நிறுத்திவிடலாம் என்றார்கள். நல்ல வேளை, என் மனைவி அதற்கு மட்டும் சம்மதிக்கவில்லை.

ஏழாவது வாரம் ஒரு நாள் காபி டம்ளரை வாங்கும்போது அவள் கேட்டாள், "கை ஏன் இப்படி நடுங்குது உங்களுக்கு?" அன்றைக்கே டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். நாடித்துடிப்பு 118. பிரஷர் 170க்கு 105. மாத்திரையை ஒரு நாள் விடாமல் எடுத்தும் இந்த நிலை.

"வேற என்ன மருந்து எடுக்கிறீங்க?"

"ஒண்ணும் இல்லையே டாக்டர்."

நான் பொய் சொல்லவில்லை. அது மருந்து என்றே என் மண்டையில் பதிவாகியிருக்கவில்லை. மனைவிதான் கைப்பையிலிருந்து கவரை எடுத்து மேசைமேல் வைத்தாள். டாக்டர் ஒரு கேப்ஸ்யூலைப் பிரித்து காகிதத்தில் கொட்டிப் பார்த்தார். பச்சைத் தூளுக்கு நடுவில் வெள்ளையாக வேறொரு தூள் கலந்திருந்தது. "இன்னையோட நிறுத்துங்க" என்றார்.

என் மச்சினன் மருந்துத் தரப் பரிசோதனை ஆய்வகத்தில் வேலை பார்க்கிறான். நான்கு கேப்ஸ்யூல்களை அவனிடம் கொடுத்தேன். ஒரு வாரம் கழித்து போன் வந்தது. "அத்தான், இது சிபுட்ரமைன். விற்கக் கூடாதுன்னு சந்தையிலேருந்தே எடுத்த சரக்கு."

சிபுட்ரமைன் என்பது மூளையில் வேலை செய்து பசியை அடக்கும் ஒரு ரசாயன மருந்து. ஒரு காலத்தில் டாக்டர் சீட்டோடு விற்றதுதான். கூடவே நாடித்துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் ஏற்றிவிடும். வாய் வறட்சியும் தூக்கமின்மையும் அதன் தெரிந்த பக்கவிளைவுகள், அதாவது என்னுடைய 'நச்சு'. இதய நோய் அபாயம் உள்ள ஏறக்குறைய பத்தாயிரம் பேரை வைத்து நடத்திய ஆய்வில், இதை எடுத்தவர்களுக்கு மாரடைப்பும் பக்கவாதமும் கூடுதலாக வந்தன. 2010இல் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் சந்தையிலிருந்து எடுத்துவிட்டார்கள். அதன் பிறகும் 'மூலிகை', 'இயற்கை' என்று லேபிள் ஒட்டிய எடை குறைப்புச் சரக்குகளில் இது திரும்பத் திரும்பப் பிடிபடுகிறது. காரணம் எளிது. மூலிகைப் பொடி மட்டும் வைத்தால் மூன்றாம் நாளில் பசி அணையாது, வாடிக்கையாளர் திரும்பி வரமாட்டார்.

பணத்தைத் திருப்பிக் கேட்கப் போனேன். காத்திருந்த இடத்தில் ஒரு வேடிக்கை. 'டீடாக்ஸ் கால் குளியல்' என்று ஒன்று உண்டு, சொல்ல விட்டுப்போச்சு. உப்புத் தண்ணீர்த் தொட்டியில் காலை வைத்து மின்சாரம் விட்டால், அரை மணியில் தண்ணீர் செம்பழுப்பாகிவிடும். உடம்பின் கழிவெல்லாம் உள்ளங்கால் வழியாக இறங்குகிறது என்பார்கள். நானும் அந்தக் கலங்கல் தண்ணீரை போட்டோ எடுத்து வைத்தவன்தான். அன்றைக்கு ஓர் அம்மாவுக்காகத் தொட்டியை ஆன் செய்துவிட்டு உதவியாளர் போனை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். அந்த அம்மா இன்னும் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. தொட்டித் தண்ணீர் பாட்டுக்குப் பழுப்பாகிக்கொண்டிருந்தது. உள்ளே இருக்கும் இரும்புத் தகடு மின்சாரம் பட்டு அரித்து வரும் துரு அது. நாங்கள் இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். "இன்னும் காலே வைக்கலையே" என்றார் அந்த அம்மா.

பணம் வரவில்லை. நான் கையெழுத்துப் போட்ட படிவத்தைக் காட்டினார்கள். 'பலன் ஆளுக்கு ஆள் மாறுபடும், பணம் திருப்பித் தரப்படாது' என்று அடியில் பொடி எழுத்தில் இருந்தது. வேண்டுமானால் மீதி நாளுக்கு ரேப்பைக் கூட்டித் தருகிறோம் என்றார்கள்.

மூலிகை வைத்தியம் முழுக்கப் பொய் என்று நான் சொல்லவரவில்லை. யோகா வகுப்புக்கு இப்போதும் போகிறேன். எடை அதனால் பெரிதாகக் குறையவில்லை, ஆனால் தூக்கம் வருகிறது. 'மூலிகைதானே' என்ற அந்த 'தானே'வைத்தான் சந்தேகப்படச் சொல்கிறேன். உண்மையான மூலிகையும் கொல்லும். 1990களின் தொடக்கத்தில் பிரஸ்ஸல்ஸில் ஓர் எடை குறைப்பு மருத்துவமனை கொடுத்த மாத்திரையில், பெயர் கிட்டத்தட்ட ஒன்றாக இருந்ததால் ஒரு சீன மூலிகைக்குப் பதிலாக அரிஸ்டோலோக்கியா என்ற வேறொன்று கலந்துவிட்டது. நூறு பேர் அளவில் பெண்களுக்குச் சிறுநீரகம் பழுதானது, பலருக்கு டயாலிசிஸ், மாற்றுச் சிறுநீரகம் வரை போனது, சிலருக்குச் சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயும் வந்தது. அவர்களும் எடை குறைக்கத்தான் போனார்கள்.

என்னிடம் நம்பர் வாங்கிய இரண்டு பேருக்கும்: கேப்ஸ்யூல் ஏற்கெனவே வாங்கியிருந்தால் போடாதீர்கள், தூக்கியும் போடாதீர்கள். கவரோடு உங்கள் டாக்டரிடம் காட்டுங்கள். பசி சட்டென்று அணைந்து, நெஞ்சு படபடத்து, தூக்கமும் போனால் அடுத்த அப்பாயின்ட்மென்டுக்குக் காத்திருக்க வேண்டாம். என்னிடம் மீதியிருந்த கேப்ஸ்யூல்களையும் பரிசோதனை முடிவையும் மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரியிடம் புகாரோடு கொடுத்திருக்கிறேன். உங்களுடையதும் சேர்ந்தால் புகாருக்கு வலு கூடும்.

நிறுத்தி இரண்டு மாதமாகிறது. பிரஷர் 130க்கு 85க்கு வந்துவிட்டது. நான்கு கிலோ திரும்பி வந்துவிட்டது. அந்த மையத்திலிருந்து நேற்றும் ஒரு மெசேஜ்: 'சார், உங்களுக்கு ஸ்பெஷல் ஆஃபர்.'