புகைபோக்கியைப் பார்க்காமல் பெல்லட் அடுப்பு விற்பவரிடம் முன்பணம் கொடுக்காதீர்கள்

பழைய நகரத்து வீட்டில் இருந்துகொண்டு, குளிருக்கு விறகா பெல்லட்டா (மரத்தூளை அழுத்திச் செய்த சின்னக் குச்சி எரிபொருள்) என்று யோசிப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். பணம் மட்டும் போயிருந்தால் இவ்வளவு எழுத மாட்டேன். குழந்தைகள் தூங்கும் அறைக்குள் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு கசிந்தது.

எங்களுடையது செங்கல் வீடு. முன்பு திறந்த கணப்பு எரிந்த அகலமான புகைபோக்கி. வந்த விற்பனையாளர் கூடத்தை மட்டும் அளந்துவிட்டுப் போனார். "இந்தப் புகைபோக்கி பெல்லட்டுக்குச் சரிப்படுமா?" என்று மின்னஞ்சலில் கேட்டேன். "பெல்லட் புகையில் சூடு கம்மி, எந்தப் புகைபோக்கியும் போதும்" என்று பதில் வந்தது.

சூடு கம்மி என்பது உண்மைதான். ஆபத்தே அதில்தான் இருக்கிறது. பெல்லட் அடுப்பு வெப்பத்தின் பெரும்பகுதியை வீட்டுக்குள்ளேயே எடுத்துக்கொள்வதால் வெளியேறும் புகை ஆறிப்போய்த்தான் போகிறது. அகலமான பழைய செங்கல் கூண்டுக்குள் அது இன்னும் குளிர்ந்து, மேலே ஏறாமல் தயங்கும். அதிலுள்ள நீராவி கரியோடு சேர்ந்து செங்கலில் ஊறும். போதாததற்கு, இந்த அடுப்பில் விசிறிதான் புகையைத் தள்ளுகிறது; காரை உதிர்ந்த இடுக்கு எங்கே இருந்தாலும் புகை அந்த வழியாக வெளியே வரும். அதனால்தான் இப்படிப்பட்ட புகைபோக்கிக்குள் சரியான அளவு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் குழாயை உச்சிவரை இறக்க வேண்டும். எங்கள் வீட்டில் குழாயைப் புகைபோக்கியின் வாயில் செருகி, சுற்றி அடைத்துவிட்டுப் போய்விட்டார்கள்.

மாடி அறைச் சுவரில் பழுப்புக் கறை வந்தது, பிறகு தார் நாற்றம். ஒரு நாள் இரவு கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி அலறியது. அந்தக் கருவி இல்லாதிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே முடியவில்லை. அந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. புகைபோக்கிப் பரிசோதகர் வந்து பார்த்த உடனேயே அடுப்பை மூட்டக்கூடாது என்று எழுதிக் கொடுத்துவிட்டார். விற்றவரைக் கேட்டால், "புகைபோக்கி வீட்டுக்காரர் பொறுப்பு, ஒப்பந்தத்திலேயே இருக்கிறது" என்றார். அவர் அனுப்பிய மின்னஞ்சலைக் காட்டியதிலிருந்து போனை எடுப்பதில்லை.

இன்னொன்று, அடுப்பின் அளவு. ஒரு கூடத்துக்கும் பக்கத்து அறைக்கும் 12 கிலோவாட் அடுப்பைத் தலையில் கட்டினார்கள். தேவைக்கு மிஞ்சிய அடுப்பு அணைந்து அணைந்து எரியும். ஒவ்வொரு முறை பற்றும்போதும் புகை, கண்ணாடியெல்லாம் கரி. 15 கிலோ மூட்டை இரண்டு நாள் வரும் என்றும் சொன்னார்கள். ஒரு கிலோ நல்ல பெல்லட்டில் சுமார் 4.8 கிலோவாட் மணி ஆற்றல் உண்டு. 12 கிலோவாட் அடுப்பு முழு வேகத்தில் எரிந்தால் மணிக்கு 2.5 கிலோவுக்கு மேல் போகும். மூட்டை ஆறு மணி நேரம்கூடத் தாங்காது. மின்சாரம் நின்றால் அடுப்பும் நின்றுவிடும் என்பதை யாரும் வாய் திறந்து சொல்லவில்லை.

அவர்களே அனுப்பிய பெல்லட்டில் தரக்குறியே இல்லை. ஈஎன்பிளஸ் (ENplus) என்ற பெல்லட் தரச்சான்றில் ஏ1 தரமென்றால் சாம்பல் 0.7 சதவீதத்தையும், ஈரம் 10 சதவீதத்தையும் தாண்டக்கூடாது. எங்களுக்கு வந்த மூட்டைகளின் அடியில் பாதி மரத்தூள். எரிகிண்ணத்தில் சாம்பல் கட்டிதட்டி அடைத்துக்கொண்டது.

சரி, விறகுக்கே போய்விடலாமா? அங்கேயும் ஏமாற்று உண்டு. ஒரு கன மீட்டர் என்றால் அடுக்கி அளந்ததா, கொட்டி அளந்ததா என்று கேளுங்கள். கொட்டிய கன மீட்டரில் விறகு கணிசமாகக் குறையும். காய்ந்த விறகு என்று சொன்னால் ஒரு கட்டையைப் பிளந்து, உள்முகத்தில் ஈரமானியை வைத்துப் பாருங்கள். 20 சதவீதத்துக்கு மேல் காட்டினால் வண்டியைத் திருப்பி அனுப்புங்கள். ஈர விறகு வெப்பம் தராது, புகைபோக்கியில் தார் படியவைக்கும். அந்தத் தார் தீப்பிடிக்கும். நெருக்கமான தெருவில் அந்தப் புகையைச் சுவாசிப்பது அக்கம்பக்கத்தாரும்தான்.

என் கருத்தைக் கேட்டால், விறகு அடுக்கிக் காயவைக்க இடமில்லாத நகர வீட்டுக்குப் பெல்லட்தான் மேல், குழாய் இறக்கிய புகைபோக்கி இருந்தால். மின்வெட்டு அடிக்கடி வரும் இடமென்றால் நல்ல மூடிய விறகு அடுப்பு. இரண்டுக்கும் முன்பாக, வெப்பம் வெளியே போகாதபடி கூரைக்கும் ஜன்னல் இடுக்குகளுக்கும் செலவழியுங்கள். அப்போது சின்ன அடுப்பே போதும்.

விற்பவருக்குச் சம்பந்தமில்லாத பரிசோதகரை முதலில் அழையுங்கள். அவர் புகைபோக்கிக்குள் கேமரா விட்டுப் பார்த்து, எழுத்தில் தந்த பிறகு விலை பேசுங்கள். ஏற்கனவே இப்படிக் குழாயைச் செருகி மட்டும் வைத்திருக்கும் வீடுகளில், பரிசோதகர் வரும்வரை தயவுசெய்து அடுப்பை மூட்டாதீர்கள்.