பிளேற்றில் «2 குதிரை வலு», உள்ளே 1: பெல்ட் கிரைண்டர் கட்டுகிறவர்கள் கவனம்

கிளிநொச்சிப் பக்கம் பாவித்த சாமான் விற்கும் கடை ஒன்றில், கத்தி செய்வதற்கான, 2 இஞ்சி அகலம் 72 இஞ்சி சுற்றளவுள்ள உராய்வுப் பெல்டை ஓட்டி இரும்பு சீவும் பெல்ட் கிரைண்டருக்கு என்று சொல்லிக் கேட்டு வாங்கிய «செற்» இது. 2 குதிரை வலு மோட்டர் ஒன்று, 5 இஞ்சி ஓட்டுச் சில்லு ஒன்று, பெல்டை நடுவில் நிறுத்தும் மேல் சில்லு ஒன்று, கத்தியைப் பெல்டோடு அழுத்திப் பிடிக்கும் முன்பக்கத் தட்டுக்கு மேலும் கீழும் வரும் சின்னச் சில்லு இரண்டு. எல்லாமாக 58,000 ரூபா. பில்லில் «மோட்டர் செற் 1» என்பதற்கு மேல் ஒரு சொல் இல்லை. வேனியர் (நுண்ணளவுக் கருவி) வைத்து அளந்தபோது சொன்னபடி இருந்தது ஓட்டுச் சில்லின் வெளிவிட்டம் மட்டும்தான்.

முதலில் மோட்டர். மோட்டரில் அடித்திருக்கும் பெயர்ப் பிளேற்றில் 1.5 கிலோவாற் (2 குதிரை வலு), நிமிடத்துக்கு 2800 சுற்று என்று இருக்கிறது. உடம்பு முழுக்கப் புதுப் பச்சைப் பெயின்ற், ஆனால் பிளேற்றின் ரிவெற் இரண்டிலும் பெயின்ற் இல்லை. பெயின்ற் காய்ந்த பிறகு கொண்டுவந்து அடித்த பிளேற் அது. பிளேற்றை மாற்றலாம், தண்டை மாற்றுவது லேசில்லை. அதனால் தண்டை அளவுங்கள். மெற்றிக் மோட்டர்களில் 90 பிரேம் என்றால் தண்டு 24 மி.மீ., சாவி (சில்லு தண்டில் வழுக்காமல் இடையில் செருகும் கட்டை) 8 மி.மீ. அகலம். 80 பிரேம் என்றால் தண்டு 19 மி.மீ., சாவி 6 மி.மீ. பிரேம் இலக்கம் என்பது, கால் வைத்த தரையிலிருந்து தண்டின் நடுவுக்கு உள்ள உயரம்தான், மில்லிமீற்றரில். வேனியர் இல்லாவிட்டால் அளவு நாடாவே போதும். 1.5 கிலோவாற் வழக்கமாக 90 பிரேமில்தான் வரும். 80 பிரேமில் 4 போல் மோட்டர் (நிமிடத்துக்கு 1420 சுற்றளவில் ஓடுவது) 0.55 அல்லது 0.75 கிலோவாற், அதாவது முக்கால் அல்லது 1 குதிரை வலு. விற்ற மோட்டரின் தண்டு 19, உயரம் 80.

கடையில் நிற்கும்போதே ஒரு சாட்சி கையில் இருந்தது. ஓட்டுச் சில்லின் துளை 24 மி.மீ., அதற்குள் இரண்டரை மி.மீ. தடிப்பில் ஒரு புஷ் (துளையைச் சிறிதாக்கும் வளையம்) இறுக்கித் தந்தார்கள். 2 குதிரை வலு மோட்டருக்கென்று கடைந்த சில்லை வேறொரு மோட்டரில் ஏற்றினால்தான் புஷ் வேண்டிவரும். மோட்டரோடு வரும் சில்லில் புஷ் கண்டால் அங்கேயே தண்டை அளவுங்கள்.

அடுத்தது வேகம். சுற்று அளக்கும் ரக்கோமீற்றர் தேவையில்லை, போன் போதும். பெல்டின் மூட்டில் வெள்ளைச் சோக்கால் ஒரு கோடு போட்டு, செக்கனுக்கு 240 படம் எடுக்கும் மெதுவீடியோவில் பிடியுங்கள். 5 இஞ்சிச் சில்லில் நிமிடத்துக்கு 2800 சுற்று என்றால் கோடு ஒருமுறை சுற்றிவர ஏறக்குறைய 24 படம் ஆகும். 1420 சுற்று என்றால் 46, 47 படம். எங்கள் வீடியோவில் 47. பெல்ட் வேகம் செக்கனுக்கு 18.6 மீற்றர் என்று நம்பி வாங்கியது, கிடைத்தது 9.4. கத்திக்கு 9.4 மோசமில்லை, கைபழகும் வரைக்கும் அதுதான் நல்லது. ஆனால் காசு கொடுத்தது அதற்கில்லை.

36 கிறிட் (மணல் பெரிய, கரடான) பெல்டில் லொறி ஸ்பிரிங் தகட்டைக் கொஞ்சம் அழுத்தியதும் மோட்டர் உறுமிக்கொண்டு நின்றது. கடைக்காரரிடம் சொன்னால் வந்த பதில்: «உங்கட பக்கம் வோல்ற் குறைவு தம்பி, அதுதான். மோட்டர் ஓடுதுதானே?» வோல்ற் குறைந்தால் மோட்டரின் இழுவை வர்க்கத்தில் குறையும் என்பது உண்மை: 230 இல்லாமல் 200 வந்தால் இழுவை முக்கால்வாசிதான். லைன் கடைசியில் இருக்கிற வீடுகளுக்கு இது நிசமான தொல்லை. ஆகவே இந்தச் சாட்டு வரும் என்று தெரிந்து, மோட்டர் ஓடும்போதே பிளக்கில் அளந்து குறித்து வையுங்கள். இங்கே 226 வோல்ற் நின்றது. கிளாம்ப் மீற்றரையும் போடுங்கள். ஒரு பேஸ் 1 குதிரை வலு மோட்டர் முழுச் சுமையில் 5 அம்பியர் சொச்சம் எடுக்கும், 2 குதிரை வலு 9, 10 எடுக்கும். 1 குதிரை வலு மோட்டர் சுமையில் தொடர்ந்து 9 அம்பியர் இழுத்தால் வலு கூடியது என்று அர்த்தமில்லை, கொயில் வேகுது.

வன்னியில் பாவித்த மோட்டர் என்றால் அதிகம் வருவது கிணற்றுப் பம்பிலிருந்து கழற்றியது. அதை «கிரைண்டர் மோட்டர்» என்று தந்தால் மூன்றைப் பாருங்கள். பம்போடு ஒன்றாக வார்த்த மோட்டரின் தண்டு கட்டை, சாவிப் பள்ளம் இருக்காது. பின்பக்கம் காற்றோட்டத் துளை திறந்திருந்தால் இரும்புத் தூள் நேரே கொயிலுக்குள் போகும், ஆகவே முழுக்க மூடி வெளியே விசிறி வைத்தது மட்டும் வாங்குங்கள். மூன்றாவது, கத்தி பிடிக்கும் இடத்தில் பெல்ட் கீழ்நோக்கி ஓட வேண்டும். சுழற்சியைத் திருப்ப, ஸ்ராற் கொயிலின் (மோட்டரைத் தொடக்கிவிடும் கொயில்) இரண்டு வயரும் பெட்டிக்குள் தனியே வந்திருக்க வேண்டும். இரண்டே வயர் வெளியே வருகிறதென்றால் மோட்டரைப் பிரித்துத்தான் திருப்பலாம்.

வேகம் கூட்டிக் குறைக்கும் கொன்றோலரைச் சேர்த்து விற்கப் பார்ப்பவர்களும் உண்டு. ஒரு பேஸ் கப்பாசிற்றர் மோட்டரோடு சாதாரண விஎப்டி கொன்றோலர் வேலை செய்யாது. அதற்கு மூன்று பேஸ் மோட்டர் வேண்டும், பிளேற்றில் 230/400 என்று இருக்க வேண்டும், டெல்ராவில் (மூன்று கொயிலையும் முக்கோணமாக) கட்ட வேண்டும். தூள் புகாத பெட்டிக்குள் வைக்காவிட்டால் அதுவும் நாள் நில்லாது.

இனிச் சில்லுகள். ஓட்டுச் சில்லு வட்டமாகத்தான் இருக்கிறது, ஆனால் துளை நடுவில் இல்லை. மோட்டரில் பூட்டி, விளிம்புக்கு முன் ஒரு ஆணியை அசையாமல் நிறுத்தி, கையால் சுற்றி, மோட்டார் சைக்கிள் கராச்சில் கிடைக்கும் பீலர் கேஜால் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) இடைவெளியைப் பார்த்தால் கூடியதற்கும் குறைந்ததற்கும் 0.6 மி.மீ. வித்தியாசம். 0.1க்கு மேல் போகக் கூடாது. 1420 சுற்றில் அது செக்கனுக்கு 24 தரம் அடிக்கும். தட்டில் பிடித்த கத்தி கையில் துடிக்கும், அலகில் அலை அலையாகக் கோடு விழும். இதில் பாதிக் குற்றம் புஷ்ஷில், மற்றப் பாதி லேத்தில்: வெளிவிளிம்பைக் கடைந்துவிட்டு, சில்லைக் கழற்றித் திருப்பிப் பூட்டித் துளை போட்டிருக்கிறார்கள். லேத்துக்குக் கொடுக்கும்போது «துளையும் விளிம்பும் ஒரே பிடியில், கழற்றாமல்» என்று சொல்லுங்கள்.

மேல் சில்லு தட்டை. நடு உயர்ந்து இரு பக்கமும் சரிய வேண்டும், நடுவுக்கும் ஓரத்துக்கும் 1 மி.மீ. போதும். அந்த வளைவு இல்லாமல் எந்தத் திருகைத் திருப்பினாலும் பெல்ட் ஒரு பக்கமாக ஓடி விழும். சந்தேகமென்றால் சில்லின் நடு மூன்றில் ஒரு பங்கில் இன்சுலேசன் ரேப் நாலைந்து சுற்றுச் சுற்றி ஓட்டிப் பாருங்கள். பெல்ட் நடுவுக்கு வந்தால் குற்றம் சில்லில்தான்.

சின்னச் சில்லுகளில் 6203 பெயாரிங். அதன் உள்துளை 17 மி.மீ., கூடவே தந்த போல்ட் ஐந்தின் எட்டு இஞ்சி, 15.9 மி.மீ. கையால் பிடித்து ஆட்டினால் ஆடுது. வீட்டில் கட்டுகிறவருக்கு 6201-உம் எம்12 போல்டும் லேசு. இரண்டு பக்கமும் ரப்பர் மூடிய 2ஆர்எஸ் ஆக இருக்கட்டும். தகரமூடி போட்ட இசட்இசட் பெயாரிங்குக்குள் தூள் போய்க் கொஞ்ச நாளில் கத்தத் தொடங்கும்.

சட்டத்துக்குப் பொக்ஸ் பார் வாங்கும்போது கடைக்காரர் சொல்லும் தடிப்பை நம்பாமல் தராசில் வையுங்கள். 40 × 40 × 3 மி.மீ. 6 மீற்றர் நீளம் ஏறக்குறைய 20 கிலோ வரும், 2 மி.மீ. என்றால் 14 கிலோ. உள்ளே ஓடும் வெல்டிங் வரம்பை அரத்தால் எடுக்காவிட்டால் உள்கை (அதற்குள் செருகும் சிறிய பார்) நுழையாது, அது ஏமாற்று இல்லை, எல்லாப் பாரிலும் உண்டு. பழைய இரும்புக் குவியலில் தடித்த குழாய் மலிவாகக் கிடைத்தாலும், எங்கிருந்து வந்தது என்று தெரியாத, ஒரு பக்கம் அடைத்த எதையும் போர் நடந்த எங்கட மண்ணில் தொட வேண்டாம், வெட்டவும் வேண்டாம், வெடிக்காத குண்டாக இருக்கலாம்.

அதே கடை பிறகு நீல பெல்டும் விற்றது, «சிர்கோனியா» (இரும்பு சீவும் கடினமான உராய்வு மணல்) என்று. நிறத்தைக் கண்டு வாங்க வேண்டாம், பின்பக்கத்தில் வகையும் கிறிட்டும் அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். முதுகு துணியாக இருக்க வேண்டும். கடதாசி முதுகு பெல்ட் மரத்துக்கு, இரும்பில் மூட்டு விட்டுப் போகும். மார்கழி மழையில் பெல்ட் சுருளாமல் இருக்கச் சுவரில் மாட்டாமல் மூடிய வாளிக்குள் வையுங்கள்.

பில்லில் கிலோவாற், சுற்று, பிரேம், தண்டு அளவு நான்கையும் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் வேறு கடை பாருங்கள். எழுதியதற்கு மாறாகத் தந்தால் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு வாங்கி மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறையிடலாம், தொலைபேசி 1977. «மோட்டர் செற் 1» என்ற பில்லை வைத்துக்கொண்டு போனால் கடைக்காரர் ஒரு செற் தந்தார்தானே என்பதில் கதை முடியும்.

திருப்பி எடுக்க மறுத்த அந்த மோட்டருக்கு இப்போது 19 மி.மீ. துளையோடு 100 மி.மீ. சில்லு ஒன்று புதிதாகக் கடைந்து பூட்டியிருக்கிறது. வேகம் செக்கனுக்கு 7.4 மீற்றர். 60 கிறிட்டில் 4 மி.மீ. தகட்டை நிற்காமல் சீவுது. 36 போட்டு அழுத்தினால் இன்னும் உறுமுது.