முன்வரிசை இல்லாத பந்தி

ஓட்டல் சாப்பாட்டுக்கு எத்தனையோ பேர் விமர்சனம் எழுதுகிறார்கள், நான் ஒரு கோயில் அசனத்துக்கு எழுதுகிறேன். தூத்துக்குடி மாவட்டத்தில் தேரிக்காட்டை ஒட்டிய சின்ன ஊர், சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) கோயில், பிரதிஷ்டைப் பண்டிகையின் கடைசி நாள். என் மனைவியின் அத்தை ஊர் என்பதால் போனோம்.

நெல்லைப் பக்கத்து ஆட்களுக்கு அசனம் என்றால் என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காக: சபையார் ஆளுக்கு ஒன்றாக அரிசி, ஆடு, தேங்காய், விறகு என்று கொடுத்து, சேர்ந்து சமைத்து, வருகிற எல்லாருக்கும் போடும் சாப்பாடு. உவரி, புளியம்பட்டி அந்தோணியார் கோயில்களில் நேர்ச்சையாகவும் போடுவார்கள். ஆதிச் சபையில் அன்பின் விருந்து என்று ஒன்று இருந்தது, பைபிளில் யூதா நிருபத்தில்கூட அந்தப் பெயர் வருகிறது. அதே வழியில் வந்ததாகத்தான் நான் இதைப் பார்க்கிறேன்.

முதலில் சாப்பாடு. வடித்த சோற்றை ஓலைப்பாயில் அம்பாரமாகக் கொட்டி, ஐயர் (சபைப் போதகரை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம்) ஜெபம் பண்ணிய பிறகுதான் முதல் வாளி நகர்ந்தது. கறிக்குழம்பில் தேங்காய் தாராளம், விறகு அடுப்பின் புகை மணம் லேசாக ஏறியிருந்தது, அந்த மணத்தை வீட்டில் கொண்டுவரவே முடியாது. கத்தரிக்காய்க் கூட்டில் உப்பு குறைவு. ரசம் பரவாயில்லை.

ஆனால் நான் எழுத வந்தது பந்தியைப் பற்றி. ஏழு வருஷத்துக்கு முன்னால் வேறொரு ஊரில், பெயர் வேண்டாம், அப்பாவோடு அசனத்துக்குப் போயிருந்தேன். பெரிய மனிதர்களுக்குத் தனி அறை, நாற்காலி, மின்விசிறி, தேர்ந்தெடுத்த கறித்துண்டு. அப்பா கொத்தனார், அந்தக் கோயில் மதிலில் அவர் கை வைத்த கல் நிறைய உண்டு. பக்கத்தில் உட்கார்ந்தவர் “எந்தத் தெரு?” என்று கேட்டார், பதிலைக் கேட்டதும் இலையைச் சற்று நகர்த்திக்கொண்டார். அப்பா ஒன்றும் சொல்லவில்லை, பாதிச் சோற்றில் எழுந்து வந்துவிட்டார். அதற்குப் பிறகு எந்த அசனத்துக்கும் அவர் போனதில்லை, நானும்தான்.

கொரிந்து சபையைப் பவுல் கடிந்துகொண்டதும் சாப்பாட்டு விஷயத்தில்தான்: சிலர் முந்திச் சாப்பிட்டுவிடுகிறார்கள், இல்லாதவன் பசியோடு இருக்கிறான் என்று. நம் பக்கத்திலேயே வடக்கன்குளம் கோயிலுக்குள் சாதி பிரித்து நின்ற சுவரை 1910-ல் இடித்தார்கள், அது தங்கள் உரிமையென்று சொல்லி சிலர் சென்னை உயர்நீதிமன்றம் வரை போய்த் தோற்றார்கள். ஒரே அப்பத்தைப் பிட்கிற நமக்குள்ளேயே இது இருந்தது, இன்னும் இருக்கிறது, அதனால்தான் இந்த ஊரில் நான் பார்த்ததை எழுதாமல் இருக்க மனசு வரவில்லை.

இங்கே தனி அறை இல்லை. வந்த வரிசையில் உட்கார வேண்டும், அவ்வளவுதான். சேகரகுரு, அதாவது சுற்றியுள்ள சபைகளையும் சேர்த்துக் கவனிக்கும் போதகர், தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு குழம்பு வாளியோடு நடந்துகொண்டிருந்தார், ஓய்வு பெற்ற ஒரு தலைமை ஆசிரியை சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு எச்சில் இலை எடுத்தார். பேருந்து நிறுத்தத்திலேயே கிடப்பவர் என்று சொன்னார்கள், மனநலம் சரியில்லாத ஒருவர், அழுக்குச் சட்டையோடு வந்து தயங்கி நின்றார். பட்டுச்சேலை கட்டியிருந்த ஒரு பெண் நகர்ந்து இடம் விட்டு, “வாங்கண்ணே, உக்காருங்க” என்றாள். இலைகள் வந்தது பக்கத்து ஊர் அம்மன் பக்தர் ஒருவரின் வாழைத் தோட்டத்திலிருந்து, வருஷா வருஷம் அவர்தான் கொடுக்கிறாராம், அங்கே அம்மன் கோயில் கொடைத் திருவிழா வந்தால் இந்தச் சபைப் பையன்கள் பந்தல் போடப் போகிறார்களாம்.

அப்பாவை வற்புறுத்தித்தான் கூட்டி வந்திருந்தேன். அவருக்கு முழங்கால் வலி, தரையில் உட்கார முடியாது. கேட்காமலே ஒரு பையன் நாற்காலியும் இலை வைக்க ஸ்டூலும் கொண்டுவந்து போட்டான், அப்புறம் தாத்தா தனியாகச் சாப்பிட வேண்டாமென்று தன் இலையை அவர் காலடியில் தரையில் போட்டு உட்கார்ந்துகொண்டான். யாரும் தெருவைக் கேட்கவில்லை. அவரிடம் கேட்கப்பட்ட ஒரே கேள்வி, “கறி இன்னும் கொஞ்சம் போடவா அண்ணாச்சி?” அப்பா இரண்டாவது தடவை சோறு வாங்கினார். நான் இலையைப் பார்த்துக் குனிந்துகொண்டேன், கண் கலங்கிவிட்டது.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். முதல் பந்தி இரண்டேகாலுக்குத்தான் ஆரம்பித்தது, வயசானவர்களும் சர்க்கரை நோயாளிகளும் அந்த வெயிலில் காத்திருந்தது கஷ்டம், ஆளுக்கு ஒரு கைப்பிடி அவலாவது முன்னாலேயே கொடுத்திருக்கலாம். கை கழுவ ஒரே ஒரு குழாய். பரிமாறியவர்கள் கடைசிப் பந்தியில் உட்கார்ந்தபோது கறி தீர்ந்துவிட்டது, சேகரகுருவும் அந்த ஆசிரியையும் ரசச்சோறும் கூட்டும்தான் சாப்பிட்டார்கள். அவர்களுக்கு அது பெரிதாகத் தெரியவில்லை, ஆனாலும் அடுத்த வருஷம் சபையார் அவர்களுக்கென்று ஒரு சட்டி எடுத்து வைக்க வேண்டும்.

போகிறவர்கள் தூக்குவாளி எடுத்துப் போங்கள், படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்குக் கேட்டால் தாராளமாக ஊற்றித் தருகிறார்கள். அப்பா அடுத்த வருஷத்துக்கு இரண்டு நாள் முன்னாலேயே போய்க் கல் அடுப்பு கட்டித் தருவதாகச் சொல்லிவிட்டு வந்திருக்கிறார்.