காரைக்குடி கல்லுக்கட்டிப் பகுதியில் ஒரு மோட்டார் காயில் கடை: பேண்ட்சா பழுதுக்கு நம்பிப் போகலாம்

செட்டிநாட்டுப் பழைய வீடுகளிலிருந்து இறங்கும் பர்மா தேக்குத் தூண்களையும் நிலைகளையும் சீர்செய்து கொடுக்கும் எங்கள் தச்சுப் பட்டறையில், 2 எச்.பி. த்ரீ பேஸ் (மூன்று கம்பிகளில் கரண்ட் வரும்) மோட்டாரில் ஓடும் பேண்ட்சா, அதாவது பட்டை வாளால் மரம் அறுக்கும் இயந்திரம், ஒன்று உள்ளது. ஸ்டார்ட்டரைப் போட்டதும் சில நேரம் சுற்றாமல் உறுமுவதும், சுற்றினாலும் கனமான கட்டையைக் கொடுத்ததும் திணறுவதுமாக இருந்தது. முன்பு இதே தொல்லைக்கு வேறொரு கடையில் காயிலை, அதாவது மோட்டாருக்குள் இருக்கும் கம்பிச் சுருள்களை, புதிதாகக் கட்டித் தந்தார்கள். மழைக்காலம் முடிவதற்குள் உறுமல் திரும்பிவிட்டது. அதன் பிறகுதான், பெயர்ப்பலகைகூட இல்லாத இந்தக் கடையைப் பற்றி ஆசாரி ஒருவர் சொன்னார்.

தொலைபேசியில் பேசியபோதே, "அண்ணே, மோட்டாரை இறக்காதீங்க, நான் வந்து பாக்குறேன்" என்றார் கடைக்காரர். காயில் கட்டிப் பிழைப்பவர் அப்படிச் சொன்னதே எனக்கு மதிப்பாகப் பட்டது.

வந்ததும் மெயினை இறக்கிவிட்டு, பெல்ட்டைக் கழற்றி, ஷாஃப்டைக் கையால் சுற்றிப் பார்த்தார். பேரிங் தடையின்றி ஓடியது. பெல்ட் இல்லாமலும் மோட்டார் உறுமியதால் வாளிலும் சக்கரத்திலும் குற்றமில்லை என்று தெளிவாயிற்று. மெயினிலிருந்து ஸ்டார்ட்டருக்கு மூன்று பேஸும் சரியாக வந்தன. ஸ்டார்ட்டரிலிருந்து மோட்டாருக்குப் போகும் பக்கத்தில் ஒன்று வரவில்லை. மூடியைத் திறந்தால், ஒரு கான்டாக்ட் (கரண்டைச் சேர்த்துவிடும் உலோக முனை) மட்டும் கரிந்து குழி விழுந்து, அதன்மேல் மரத்தூள் அப்பிக் கிடந்தது.

அவர் அதோடு விடவில்லை. முன்பு எரிந்த காயில் எப்படியிருந்தது என்று கேட்டார். கைப்பேசியில் இருந்த படத்தைக் காட்டினேன். இரண்டு பேஸின் சுருள்கள் கறுத்திருக்க, மூன்றாவது வார்னிஷ் நிறம் மாறாமல் இருந்தது. ஸ்டார் இணைப்பில் (மூன்று சுருள்களின் ஒரு முனையை ஒன்றாகச் சேர்த்த இணைப்பில்) ஒரு பேஸ் அறுந்து ஓடிய மோட்டார் இப்படித்தான் எரியும் என்றும், லோடு கூடி எரிந்திருந்தால் மூன்றும் ஒன்றுபோலக் கறுத்திருக்கும் என்றும் விளக்கினார். மோட்டார் தகட்டில் 3.4 ஆம்பியர் என்றிருக்க, கரண்ட் அளவு மீறினால் மோட்டாரை நிறுத்தும் ஓவர்லோடு ரிலே 6-இல் வைக்கப்பட்டிருந்தது. ஓடும்போது ஒரு பேஸ் போனால், அதே லோடில் மீதி இரண்டிலும் கரண்ட் ஏறக்குறைய 1.73 மடங்காகும், அதாவது 5.9 ஆம்பியர். 6-இல் நிற்கும் ரிலே அதற்கு விழுந்து மோட்டாரை நிறுத்தாது, காயில்தான் வேகும். முதலில் கட்டியவர்கள் இதைப் பார்த்திருக்க வேண்டும்.

கான்டாக்ட்டை மாற்றி, ரிலேயை 3.4-க்கு இறக்கி, ஒரு பேஸ் போனால் மோட்டாரை நிறுத்திவிடும் சிங்கிள் பேஸ் பிரிவென்டர் ஒன்றும் மாட்டினார். கரண்ட் கசிகிறதா என்று பார்க்கும் 500 வோல்ட் மெகரில் காயிலுக்கும் பாடிக்கும் இடையே பார்த்தபோது ஒரு மெகாஓமுக்கு நன்றாக மேலேயே காட்டியது. விசிறி மூடியில் அடைத்திருந்த தூளைச் சுத்தம் செய்த பின், பெல்ட்டை மாட்டி, கட்டையை அறுக்கவிட்டு, கம்பியைச் சுற்றிப் பிடித்துக் கரண்டை அளக்கும் டாங் டெஸ்டரை மூன்று கம்பியிலும் மாற்றி மாற்றிப் போட்டு, கரண்ட் ஒரே அளவாக இருப்பதை எனக்குக் காட்டிய பிறகே கிளம்பினார்.

மாலையில் வோல்டேஜ் 370-க்கு இறங்குவதையும் அவரே அளந்து சொன்னார். மோட்டாரின் திருப்புவிசை வோல்டேஜின் வர்க்கத்தோடு குறைவதால், 415-இல் கிடைப்பதில் சுமார் 80 சதவீதம்தான் அப்போது கிடைக்கும்; ஆகவே கனமான தூண்களைக் காலையில் அறுக்கிறோம்.

செலவு, காயில் கட்டும் கூலியில் கால்பங்குகூட ஆகவில்லை. குறைகளும் உண்டு. கேட்டால்தான் பில் எழுதுகிறார், அதுவும் துண்டுச் சீட்டில். விவசாய மோட்டார்கள் குவியும் நாட்களில் அவரைப் பட்டறைக்கு வரவழைப்பது கடினம். வேகம் மாற்றும் டிரைவ் பொருத்திய இயந்திரங்களை அவர் தொடுவதில்லை. அவற்றுக்கு மதுரைக்குத்தான் போக வேண்டும். சிங்கிள் பேஸ் மோட்டார் வைத்திருப்பவர்கள் மோட்டார் கிளம்ப உதவும் கன்டென்சரையும், வேகம் பிடித்ததும் தானே விலகும் சென்ட்ரிஃபியூகல் சுவிட்சையும் இவரிடம் தாராளமாகக் காட்டலாம். காலையில் கடை திறந்தவுடன் போய்விடுவது நல்லது.