பச்சைச் சாயம் பூசிய பீப்பாய்த் தொட்டிகளை வாங்கும் முன்

நாகர்கோவில் பக்கம் மாடித் தோட்டம் வைத்திருப்பவர்கள், பீப்பாய்த் தொட்டி வாங்கப் போகும் முன் இதைப் படித்துவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

கடந்த ஆவணியில், 200 லிட்டர் நீல பிளாஸ்டிக் பீப்பாயை இரண்டாக அறுத்து, விளிம்பைத் தேய்த்து, அடியில் துளையிட்டு, வெளிப்புறம் பச்சைச் சாயம் பூசிய நான்கு தொட்டிகளை, ஒன்றுக்கு 900 ரூபாய் வீதம் 3,600 ரூபாய் கொடுத்து வாங்கினேன். முன்பு இவற்றில் என்ன இருந்தது என்று கேட்டதற்கு, பழச்சாறு தயாரிக்கும் இடத்திலிருந்து வந்தவை என்று கடைக்காரர் தயங்காமல் சொன்னார். ரசீது கேட்டபோது துண்டுச் சீட்டில் தொகையை மட்டும் எழுதித் தந்தார். அப்போதே நான் திரும்பி வந்திருக்க வேண்டும்.

செம்மண்ணும் தேங்காய் நார்க்கழிவும் மண்புழு உரமும் கலந்து நிரப்பி, இரண்டில் அரைக்கீரை விதைத்து, மற்ற இரண்டில் கத்தரி நட்டேன். ஐப்பசி மழை வலுத்ததும் சாயம் வெங்காயத் தோல் போல உரியத் தொடங்கியது. இவ்வகைப் பீப்பாய்கள் உயர் அடர்த்தி பாலிஎத்திலீனில் செய்யப்படுபவை. அதன் வழவழப்பான மேற்பரப்பில் சாயம் சாதாரணமாகப் பிடித்து நிற்பதில்லை. கீரைத் தொட்டி ஒன்றில் உரிந்த இடத்தை நகத்தால் சுரண்டியபோது, பாதி கிழிந்த சாய்சதுர ஒட்டுத்தாள் ஒன்று தெரிந்தது. அதன் மேற்பாதியில் வெள்ளைப் பின்னணியில் இரண்டு குழாய்களிலிருந்து சொட்டும் திரவம் ஒரு கையையும் ஓர் உலோகத் துண்டையும் அரிப்பது போன்ற படம்; கறுப்பான கீழ்ப்பாதியில் 8 என்ற எண். அரிக்கும் இரசாயனங்களை ஏற்றிச் செல்லும்போது ஒட்ட வேண்டிய, உலகெங்கும் ஒன்றேயான எச்சரிக்கைக் குறி அது. பொருளின் பெயர் இருந்த பகுதியைக் கத்தியால் சுரண்டி எடுத்திருந்தார்கள்.

குலசேகரம், அருமனை வட்டாரத்தில் ரப்பர் பாலை உறையவைக்க ஃபார்மிக் அமிலம் ஊற்றுவது வழக்கம். இது அப்படி வந்த பீப்பாயாகவும் இருக்கலாம், வேறாகவும் இருக்கலாம். அவ்வகை அமிலம் தண்ணீரில் கரைவதால் பலமுறை கழுவினால் போய்விடும். பூச்சிக்கொல்லியோ எண்ணெய் கலந்த இரசாயனமோ இருந்திருந்தால், அது பிளாஸ்டிக்கிலேயே ஊறிப்போய், கழுவிய பின்னும் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும். இரண்டில் எது என்று அறிய முடியாதபடி சாயத்தால் மூடி விற்றதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. அந்தக் கீரையை மூன்று முறை பறித்து, பருப்போடு கடைந்து, ஆறு வயது மகளுக்கு ஊட்டியிருக்கிறேன்.

கடைக்காரரை அழைத்துக் கேட்டபோது, "செடி வைக்கத்தானே, தண்ணி பிடிச்சுக் குடிக்கவா போறிய?" என்றார். பணத்தைத் திருப்பித் தரவும் மறுத்துவிட்டார்.

சாயம் பூசிய தொட்டியை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். பெயர்த்தாள் கிழியாத முழுப் பீப்பாயாகப் பார்த்தெடுத்து, உங்கள் கண்முன்னே அறுத்துத் தரச் சொல்லுங்கள். அடியில் முக்கோணத்துக்குள் 2 என்ற எண் இருக்கிறதே என்று காட்டுவார்கள். அது பிளாஸ்டிக்கின் வகையை மட்டுமே குறிக்கும், உள்ளே இருந்த பொருளைப் பற்றி எதுவும் சொல்லாது.

நான்கு தொட்டிகளின் செடிகளையும் பிடுங்கிவிட்டேன். மண்ணைச் சாக்குகளில் கட்டி மாடியின் ஓரத்தில் வைத்திருக்கிறேன். அதைத் தென்னை மூட்டில் கொட்டவும் மனம் வரவில்லை.