அஸ்வெசும மேன்முறையீட்டுக்கு யாருக்கும் காசு கொடுக்காதீர்கள்

கொழும்பு வடக்கில் தோட்டங்களில், அதாவது நெருக்கமான சின்ன வீடுகள் உள்ள குடியிருப்புகளில், இருக்கும் எங்கள் சனத்துக்காகத்தான் இதை எழுதுகிறேன். ஏழைக் குடும்பங்களுக்கு அரசாங்கம் மாதாமாதம் காசு கொடுக்கும் அஸ்வெசும திட்டத்தின் பட்டியலில் பெயர் இல்லை என்றதும், "அப்பீல் போட்டுத் தருகிறோம்" என்று யாராவது காசு கேட்டால் கொடுக்க வேண்டாம். நான் 3,000 ரூபாய் கொடுத்தேன். காசு போனது ஒரு பக்கம் இருக்கட்டும். அந்த ஆளை நம்பி இருந்ததில் மேன்முறையீட்டுக் காலமே முடிந்து போனது.

நடந்ததை முதலில் இருந்து சொல்கிறேன். என் கணவர் புறக்கோட்டையில் மூட்டை தூக்குகிறார். நான் வீட்டில் சட்டை தைத்துக் கொடுக்கிறேன். இரண்டு பிள்ளைகள், கூடவே மாமி. மாமியின் பெயரில் முன்பு சமுர்த்தி என்ற பழைய அரச உதவி இருந்தது. 2022இல் சாமான் விலை ஏறி, கடைகளில் வேலை குறைந்து, வீட்டில் ஒரு நேரச் சமையல் என்று ஆன காலத்தில்தான் சமுர்த்திக்குப் பதிலாக அஸ்வெசும என்று புதுத் திட்டம் வருகிறது, எல்லோரும் விண்ணப்பிக்க வேண்டும் என்றார்கள். ஒக்டோபரில் படிவம் கொடுத்தோம். நாடு முழுக்க சுமார் 37 இலட்சம் விண்ணப்பங்கள். இடம் இருந்தது 20 இலட்சம் குடும்பங்களுக்கு.

யாருக்குக் கொடுப்பது என்பதை ஜீஎஸ்ஸோ (கிராம உத்தியோகத்தர்) சமுர்த்தி உத்தியோகத்தரோ முடிவு செய்வதில்லை. கல்வி, சுகாதாரம், வருமான நிலை, சொத்து, வீடு, குடும்ப விபரம் என்று ஆறு பிரிவுகளில் 22 கேள்விகள் வைத்து, பதில்களுக்குப் புள்ளி போட்டு, அந்தப் புள்ளியால்தான் பிரிக்கிறார்கள். முன்பு ஆளைப் பார்த்துச் சமுர்த்தி கொடுத்த அநியாயம் எங்களுக்கும் தெரியும், அதனால் இது நல்லது என்றுதான் நினைத்தேன். ஆனால் அந்தக் கேள்விகளில் ஒன்று கரண்ட் பில்.

எங்கள் தோட்டத்தில் நான்கு வீட்டுக்கு ஒரு மீட்டர். அது செத்துப்போன மாமாவின் பெயரில், எங்கள் வாசல் சுவரில் இருக்கிறது. அதில் இருந்து வயர் இழுத்து, மற்ற மூன்று வீட்டுக்கும் சின்ன மீட்டர் போட்டிருக்கிறோம். மாதம் முடிய நான் ஒரு கொப்பியில் ஒவ்வொரு வீட்டு யூனிட்டையும் எழுதி, காசு சேர்த்துக் கொண்டுபோய்க் கட்டுவேன். ஒரு வீடு ஐம்பது யூனிட் பாவித்தாலும் பில்லில் 200 என்றுதான் வரும். தனித்தனி மீட்டர் இருந்தால் நாங்கள் எல்லோரும் 60 யூனிட்டுக்குக் கீழே, குறைந்த கட்டணத்தில் இருப்போம். சேர்த்துப் பார்க்கும்போது 180ஐத் தாண்டி, ஆகக் கூடிய கட்டணத்துக்குப் போய்விடுகிறோம். 2022 ஓகஸ்டில் கட்டணம் சராசரியாக 75 வீதம் கூடியது, 2023 பெப்ரவரியில் மறுபடி 66 வீதம். அந்த மாதப் பில்லைக் கையில் வைத்துக்கொண்டு நாலு வீட்டுப் பெண்களும் படியில் இருந்து அழுதோம். தனி மீட்டர் எடுக்கலாமே என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: காணி உறுதிப் பத்திரம் இல்லாத வீட்டுக்கு அது லேசில் கிடைக்காது.

2023 தொடக்கத்தில் விபரம் எடுக்க ஒரு தம்பி வந்தார். போனில் தட்டிக்கொண்டே கேள்வி கேட்டார். பில்லைக் காட்டச் சொன்னார். "தம்பி, இது நாலு வீட்டுப் பில்" என்று கொப்பியையும் எடுத்துக் காட்டினேன். "அக்கா, அதைப் போட இதில் இடம் இல்லை" என்றார். பாவம், அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை, அன்றைக்கு அவர் இன்னும் முப்பது வீடு போக வேண்டும். சிங்களத்தில் இருந்த ஒரு கடுதாசியில் கையெழுத்துப் போடச் சொன்னார். வாசிக்காமல் போட்டேன். என் முதல் பிழை அது.

ஜூன் 20ஆம் திகதி பட்டியல் ஒட்டினார்கள். எங்கள் தோட்டத்தில் அந்த மீட்டரில் இருக்கும் மற்ற மூன்று வீட்டுக்கும் கிடைத்திருந்தது. பில் யாரிடம் இருந்ததோ அந்த வீட்டுக்கு, அதாவது எங்களுக்கு, இல்லை. மேன்முறையீடு செய்ய ஜூலை 10 வரை நேரம். மூன்று கிழமைகூட இல்லை. பிரதேச செயலகக் காரியாலயத்தில் விடிய நான்கு மணிக்கே போலிம் (வரிசை) தொடங்கிவிடும். இரண்டு நாள் நின்றேன், இரண்டு நாளும் என் இலக்கம் வருவதற்குள் "நாளைக்கு வாங்க" என்றார்கள். ஒரு நாள் நின்றால் அன்றைய தையல் காசு இல்லை.

அப்போதுதான் சந்தியில் இருந்த ஒரு கொமியூனிகேஷன் கடையில், "ஒன்லைனில் போடலாம் அக்கா, 3,000 ரூபாய், நிச்சயம் கிடைக்கும், உள்ளே ஆள் இருக்கு" என்றார்கள். கடையின் பெயரை எழுதவில்லை. இப்படிக் கடைகள் நிறைய இருக்கின்றன. அடையாள அட்டையையும் பில்லையும் ஸ்கேன் பண்ணி, ஒரு துண்டைப் பிரிண்ட் எடுத்துக் கையில் கொடுத்தார்கள். அதை மடித்துச் சாமிப் படத்துக்குப் பின்னால் வைத்துவிட்டு நிம்மதியாக இருந்தேன்.

செப்டெம்பர் வரைக்கும் ஒரு தகவலும் இல்லை. துண்டைக் கொண்டுபோய்க் காரியாலயத்தில் காட்டினேன். மேசையில் இருந்த மிஸ் கணினியில் பார்த்துவிட்டு, "இது உங்களுடைய இலக்கம் இல்லையே" என்றார். என் விண்ணப்ப இலக்கம் 4இல் முடிகிறது. துண்டில் இருந்தது 7. வேறு யாருடையதோ மேன்முறையீட்டுத் துண்டில் என் பெயரை ஒட்டிப் பிரிண்ட் எடுத்திருக்கிறார்கள். எங்கள் பேரில் மேன்முறையீடு என்று ஒன்றும் போகவே இல்லை. கடைக்குப் போனேன். நாங்கள் போட்டோம், அவர்கள்தான் அழித்திருப்பார்கள் என்று சத்தம் போட்டார்கள். பற்றுச்சீட்டு இல்லை. பொலிசுக்குப் போக வேண்டாம், தினமும் அந்த வழியால்தான் நடக்க வேண்டும் என்று கணவர் சொல்லிவிட்டார்.

காரியாலயத்திலும் எனக்கு நியாயம் கிடைத்தது என்று சொல்ல முடியாது. ஏன் எங்களைத் தெரிவு செய்யவில்லை என்று கேட்டால், "சிஸ்டம் தெரிவு செய்தது" என்ற ஒரே பதில். மூன்று தடவை கேட்டேன், மூன்று தடவையும் அதே பதில். வறிய குடும்பம் என்று எங்களைச் சேர்த்திருந்தால் மாதம் 8,500. ஒரு வருசத்துக்கு 102,000 ரூபாய். மூத்தவனை டியூஷனில் இருந்து நிறுத்தினேன். மாமி பிரஷர் குளிசையை ஒருநாள் விட்டு ஒருநாள் குடித்ததை எனக்குச் சொல்லவே இல்லை, குளிசை அட்டையைப் பார்த்துத்தான் கண்டுபிடித்தேன்.

பிறகு கோயிலில் ஒரு பிள்ளை சொல்லித்தான் தகவலறியும் உரிமைச் சட்டம் பற்றித் தெரிந்தது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம். எங்களைப் பற்றி என்ன பதிந்திருக்கிறது என்று கேட்டுத் தமிழிலேயே ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தேன். பதில் வந்தது. மின்சாரப் பாவனை முழுவதும் எங்கள் தலையில். குடும்பத்தில் ஆள் எண்ணிக்கை நான்கு. மாமியைக் காணவில்லை. வாசிக்காமல் கையெழுத்துப் போட்டேனே, அந்தக் கடுதாசியில் இருந்ததும் இதுதான்.

2024 பெப்ரவரியில் இரண்டாம் கட்ட விண்ணப்பம் கேட்டபோது நானே நிரப்பினேன். விபரம் எடுக்க வந்தவரிடம் தமிழில் வாசித்துக் காட்டும் வரை கையெழுத்துப் போடவில்லை. அவருக்குக் கொஞ்சம் கோபம்தான். 1987இல் இருந்து தமிழும் இந்த நாட்டில் அரசகரும மொழி, கேட்பதில் பிழை இல்லை. கொப்பியின் பக்கங்களைப் பொட்டோ கொப்பி எடுத்து, நாலு வீட்டுக்காரரிடமும் கையெழுத்து வாங்கி, விண்ணப்பத்தோடு இணைத்தேன். பிறகு எங்கள் பெயர் வந்தது. இடையில் போன மாதங்களுக்கு ஒரு சதமும் இல்லை.

விண்ணப்பத்துக்கும் சரி, மேன்முறையீட்டுக்கும் சரி, கட்டணம் கிடையாது. உள்ளே ஆள் இருக்கிறது என்று சொல்பவரிடம் அடையாள அட்டையைக்கூடக் கொடுக்காதீர்கள். ஒன்லைனில் போட வேறு வழி இல்லை, கடைக்குத்தான் போக வேண்டும் என்றால் திரையைப் பார்த்துக்கொண்டே நில்லுங்கள், துண்டில் உங்கள் இலக்கம் கடைசி எழுத்து வரை சரியா என்று அங்கேயே ஒப்பிட்டுப் பாருங்கள். சந்தேகம் என்றால் அஸ்வெசும உதவி இலக்கம் 1924க்கோ அரச தகவல் நிலையத்தின் 1919க்கோ போன் எடுத்துத் தமிழில் பேசக் கேளுங்கள். மீட்டர் பொது என்றால் யார் யாருக்குப் பொது என்று இன்றைக்கே எழுதி வையுங்கள், பட்டியல் வந்த பிறகு அதற்கு நேரம் இருக்காது.

நேற்று பின் வீட்டு அக்கா வந்து, "அந்தக் கடையில் 5,000 கேட்கிறார்கள், கொடுக்கவா?" என்று கேட்டார். கரண்ட் பில்லையும் குடும்பத்தில் எல்லோருடைய அடையாள அட்டையையும் எடுத்து வரச் சொல்லியிருக்கிறேன். விடிய நாலு மணிக்கு இரண்டு பேருமாகப் போலிமுக்குப் போகிறோம்.