எக்ஸ்ரே நார்மல், யூரிக் ஆசிட் நார்மல்: மணிக்கட்டு வலிக்காரர்கள் கவனத்துக்கு

மணிக்கட்டு வீங்கி வலிக்கிறது என்று போனால் பல இடங்களில் நடப்பது இதுதான். ஒரு எக்ஸ்ரே, ஒரு ரத்தப் பரிசோதனை. இரண்டும் நார்மல். "வெறும் சுளுக்கு" என்று கிரேப் பேண்டேஜும் ஐந்து நாள் வலி மாத்திரையும் கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். வலி அடங்காததால் அடுத்து எண்ணெய்க் கட்டு, அதற்கடுத்து மூட்டுவலிப் பொடி. போன பணத்தைவிட வீணாய்ப் போன வாரங்கள்தான் பெரிய நஷ்டம்.

கையை ஊன்றி விழுந்தவர்களுக்கு ஸ்கேஃபாய்டு, லூனேட் என்ற இரண்டு சிற்றெலும்புகளைப் பிணைக்கும் லிகமெண்ட் அறுந்திருக்கலாம். லிகமெண்ட் எக்ஸ்ரேயில் தெரியாது. எலும்புகள் விலகியிருப்பதை வைத்துத்தான் ஊகிக்க வேண்டும். கையைத் தளர்வாக வைத்து எடுத்த படத்தில் அந்த விலகலும் தெரியாமல் போகலாம். முஷ்டியை இறுக்கிப் பிடித்து ஒரு படம் எடுக்கச் சொல்லுங்கள், மறு கைக்கும் எடுத்து ஒப்பிடச் சொல்லுங்கள். இடைவெளி 3 மி.மீ.க்கு மேல் இருந்தால் கை அறுவை மருத்துவரைப் பார்த்தே ஆகவேண்டும். தரையில் கை ஊன்றி எழும்போது புறங்கைப் பக்கம் வலிப்பதும், மணிக்கட்டில் 'டக்'கென்று ஏதோ நழுவுவதும் இதன் அடையாளங்கள். முதல் சில வாரங்களில் தைத்துச் சரிசெய்யக்கூடியதை விட்டுவிட்டால், எலும்புகள் இடம் மாறி உரசிக் குருத்தெலும்பு தேய்ந்துவிடும். அந்தத் தேய்மானத்தைத் திருப்ப முடியாது.

கட்டைவிரல் அடிக்குழியில் அழுத்தினால் வலிக்கிறதா? ஸ்கேஃபாய்டில் கீறல் இருக்கலாம். முதல் நாள் படத்தில் அது தெரியாமல் போவது சகஜம். கையை அசையாமல் கட்டி வைத்து 10 முதல் 14 நாளில் மறுபடி படம் எடுக்க வேண்டும். அதற்குள் யாரிடமும் உருவிவிடக் கொடுக்காதீர்கள்.

அடியே படாமல், ராத்திரியோடு ராத்திரியாகச் சிவந்து, சூடேறி, போர்வை பட்டாலே உயிர் போகிறதென்றால் யூரிக் ஆசிட் படிகங்கள் மூட்டில் சேர்வதால் வரும் கவுட் வாதத்தை நினைக்க வேண்டும். கால் பெருவிரலில் தொடங்குவதே அதிகம். கணுக்கால், முழங்கால், மணிக்கட்டு எதையும் அது விடுவதில்லை. வலி உச்சத்தில் இருக்கும்போது ரத்தத்தில் யூரிக் ஆசிட் இறங்கி நார்மல் காட்டலாம். அடங்கி இரண்டு வாரம் கழித்து மறுபடி பாருங்கள். உறுதியான சோதனை, மூட்டு நீரை ஊசியால் எடுத்து நுண்ணோக்கியில் ஊசி வடிவப் படிகங்களைத் தேடுவதுதான். கூடவே காய்ச்சலும் இருந்தால் மூட்டுக்குள் சீழ் பிடித்திருக்கலாம். அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள்.

யூரிக் ஆசிடைக் குறைக்கும் மாத்திரை சாப்பிடும் கவுட்காரர்களிடம் "வலி போச்சுன்னா மாத்திரையை நிறுத்திடுங்க" என்பதும் தவறான பேச்சு. அந்த மாத்திரைகளில் ஒன்றான அல்லோபூரினாலைப் பொதுவாக 100 மி.கி. அல்லது அதற்கும் குறைவாகத் தொடங்கி, ரத்தத்தில் யூரிக் ஆசிட் 6 மி.கி./டெ.லி.க்குக் கீழே வரும்வரை மருத்துவர் அளவைக் கூட்டுவார். ஏற்கெனவே சாப்பிடுபவர்கள் வலி வந்தாலும் அதை நிறுத்தக் கூடாது.

இரண்டே நாளில் கேட்கிற பொடியைத்தான் எல்லோரும் நம்புகிறார்கள். அந்த வேகத்தைத்தான் சந்தேகிக்க வேண்டும். 'ஆர்ட்ரி கிங்' என்று விற்ற மூட்டுவலி மாத்திரையில் லேபிளில் சொல்லாத டெக்ஸாமெத்தசோன் ஸ்டீராய்டும் டைக்ளோஃபெனாக் வலி மருந்தும் இருந்ததை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2022இல் கண்டுபிடித்து எச்சரித்தது. முகம் உப்புவது, சர்க்கரை ஏறுவது, வயிற்றில் புண், எல்லாம் இவற்றால் வரலாம். இப்படிப்பட்ட பொடியையோ மாத்திரையையோ வாரக்கணக்கில் சாப்பிட்டிருந்தால் நீங்களாகச் சட்டென்று நிறுத்தாதீர்கள். உடம்பு தன் ஸ்டீராய்டைச் சுரப்பதை அதற்குள் குறைத்திருக்கலாம், ரத்த அழுத்தம் சரிந்து மயங்கி விழ நேரலாம். பாக்கெட்டோடு மருத்துவரிடம் போய், எத்தனை வாரம், ஒரு நாளைக்கு எத்தனை வேளை என்று சொல்லுங்கள்.